கல்லூரிப் படிப்பு: சுங்கை சிப்புட் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அண்டா, குண்டான் எல்லாம் அடுக்கி வைக்கும் அறை. மற்ற நாட்களில் நான்கு மேசை போட்டு, சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை பிள்ளைகள் படிக்கத் திறந்து வைக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ஈப்போ, கம்பார், தஞ்சோங் மாலிம் என்று வெளியூரில் படித்துவிட்டு வார இறுதியிலும் விடுமுறையிலும் வீடு திரும்புகிறவர்கள்.

நானும் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். கல்லூரியில் முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றேன். படிக்காமல் தோற்கவில்லை. விடிய விடியப் படித்துத்தான் தோற்றேன். எப்படிப் படிப்பது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் பிள்ளைகள் "அக்கா, ஒண்ணு கேக்கலாமா?" என்று தொடங்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் நன்றாகத்தான் வாங்கினேன். கல்லூரிக்கு வந்ததும் ஏன் இப்படித் தடுமாறுகிறேன்?

உங்கள் மூளை மழுங்கிப் போகவில்லை. படிப்பு நடக்கிற விதம்தான் மாறிவிட்டது.

இடைநிலைப் பள்ளியில் ஆசிரியரே பாடத்தைப் பிரித்துக் கொடுத்தார், பயிற்சி தந்தார், திருத்தினார், பழைய கேள்வித்தாள்களைச் செய்ய வைத்தார். மீதியை டியூஷன் பார்த்துக்கொண்டது. கல்லூரியில் விரிவுரையாளர் ஒரு மணி நேரத்தில் நாற்பது ஸ்லைடைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பிரிப்பது, பயிற்சி செய்வது, தவறைக் கண்டுபிடிப்பது எல்லாம் இனி உங்கள் வேலை. இந்தக் கைமாற்றத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா அம்மா கல்லூரி போன வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே அந்தச் செய்தி காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் பலருக்கு அது விழுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நம் நாட்டின் கல்வித் தர அமைப்பான எம்.க்யூ.ஏ.யின் முறைப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரம். விரிவுரை, டியூட்டோரியல், அசைன்மென்ட், சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். ஒரு பருவத்தில் 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பருவத்தை 17 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 35 மணி நேரம் வருகிறது. உங்கள் வகுப்பு அட்டவணையில் இருப்பது அதில் பாதிதான் என்றால், மற்றப் பாதியைப் பள்ளிக்கூடத்து மணி அடித்துச் சொல்லாது. "ஃப்ரீ டைம்" என்று அட்டவணையில் வெள்ளையாகத் தெரியும் இடம் உண்மையில் ஃப்ரீ இல்லை.

அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?

மேலே சொன்ன கணக்கின்படி வகுப்பு போக வாரத்துக்குச் சுமார் 15 முதல் 20 மணி நேரம். ஆனால் மணியை மட்டும் எண்ணாதீர்கள். புத்தகத்துக்கு முன்னால் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எளிது. எழுந்திருக்கும்போது, உட்கார்ந்தபோது முடியாத எதை இப்போது செய்ய முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அந்த நான்கு மணி நேரம் முதுகுவலியோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தாளில் அந்த வாரத்தை எழுதிவிடுங்கள். "புதன் படிப்பு" என்று எழுதுவது போதாது. "புதன் இரண்டு மணி, நூலகம், பொருளியல் டியூட்டோரியல் 4, முதல் ஐந்து கேள்வி" என்று எழுதுங்கள். இடம், நேரம், வேலை மூன்றும் இருக்க வேண்டும்.

மணிக்கணக்காகப் படிக்கிறேன், தேர்வில் எல்லாம் மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபகசக்தி இல்லையா?

எங்கள் அறையில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் படிப்பது என்று எதைச் சொல்கிறார்கள்? புத்தகத்தைத் திறந்து வாசிப்பது, கோடு போடுவது, மறுபடி வாசிப்பது. மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். பக்கம் பழகியிருக்கிறது, பாடம் பழகவில்லை. தேர்வு மண்டபத்தில் பக்கம் இருக்காது. உள்ளே போட்டதை வெளியே எடுக்கும் வேலையை நீங்கள் ஒருமுறைகூடப் பழகவில்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றுத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று முன்கூட்டியே நம்பியவர்கள் யார் தெரியுமா? நான்கு சுற்றும் வாசித்தவர்கள்தான். தெரிந்தது போன்ற அந்த உணர்வை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எப்படிச் செய்வது? எங்களிடம் வரும் ஒரு தங்கச்சி நர்சிங் டிப்ளோமா படிக்கிறாள். இதயத்தில் ரத்தம் ஓடும் பாதை அவளுக்கு மறந்துகொண்டே இருந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் மை. நான் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். "தெரிஞ்சத மட்டும் போடு."

இதயத்தின் நான்கு அறைகளுக்கும் நான்கு கட்டம் போட்டாள். வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல், அப்புறம் இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா. வலது பக்கத்தில் ட்ரைகஸ்பிட் வால்வு என்று எழுதினாள். இடது பக்க வால்வின் பெயர் வரவில்லை. பத்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகுதான் புத்தகத்தைத் திறக்கவிட்டேன். "மைட்ரல்" என்று சிவப்பு மையில் எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் புதிய தாள். இந்த முறை மைட்ரல் வந்தது. ஆனால் நுரையீரலிலிருந்து சுத்த ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயை ஆர்ட்டரி என்று எழுதிவிட்டாள். அதைத் திருத்தும்போதுதான் அவளே கண்டுபிடித்தாள்: இதயத்தை விட்டுப் போவது ஆர்ட்டரி, இதயத்துக்குத் திரும்புவது வெயின், ரத்தம் சுத்தமா அசுத்தமா என்பதை வைத்துப் பெயர் வைக்கவில்லை. மூன்றாவது தாளில் சிவப்பு மையே இல்லை.

மூன்று தாளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. முதல் தாள் எழுதும்போது தலை வலிக்கும், வெட்கமாகவும் இருக்கும். அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது. வெறும் தாளைப் பார்த்துத் தடுமாறும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டு ஓடாதீர்கள்.

ஹைலைட் செய்வது வீணா? சுருக்கக் குறிப்பு எழுதுவது?

கோடு போடுவதால் மட்டும் பெரிய பயன் இல்லை. 2013-இல் டன்லாஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மேல் வரிசையில் நின்றன. கோடு போடுவது, திரும்ப வாசிப்பது, சுருக்கி எழுதுவது மூன்றும் கீழ் வரிசையில் இருந்தன. கோடு போட்ட வரியைக் கேள்வியாக மாற்றி ஓரத்தில் எழுதினால் மட்டும் அந்த மைக்கு வேலை இருக்கிறது.

இடைவெளி விட்டு என்றால் எத்தனை நாள்?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். பால்மரத்தை ஒரே நாளில் நான்கு முறை வெட்ட மாட்டார்கள். இன்று ஒரு பகுதி மரங்கள், நாளை வேறு பகுதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே மரத்துக்குத் திரும்புவார்கள். ஒரே நாளில் வெட்டித் தீர்த்தால் பாலும் வராது, பட்டையும் கெட்டுவிடும். பாடமும் அப்படித்தான்.

ஜெர்மானியரான எபிங்ஹாஸ், தன்னையே சோதனைப் பொருளாக வைத்து மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் நழுவுகிறது என்று பார்த்தார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதன்பிறகு மெல்லத்தான் குறைகிறது. எனவே பாடத்துக்கு முதல் முறை திரும்புவது மறுநாளே இருக்கட்டும். அடுத்தது மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், பிறகு இரண்டு மூன்று வாரம். நாட்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. திரும்பும்போது வாசிக்காமல், வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பெயர், வரையறை, சூத்திரம் நிறைய உள்ள பாடத்துக்கு அட்டைகள் செய்துகொள்ளுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மூன்று பெட்டி போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறை இது. கைப்பேசியில் அங்கி என்ற செயலி இதையே செய்து தரும். எங்கள் அறையில் பிஸ்கட் டின்னும் ரப்பர் வளையமும்தான்.

கணிதம், கணக்கியல் மாதிரிப் பாடங்களுக்கு இது சரிவருமா? அங்கே மனப்பாடம் ஒன்றும் இல்லையே?

அங்கே வேறொரு குழி இருக்கிறது. பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் இன்டக்ரேஷன் அத்தியாயத்தில் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டான். தேர்வில் பாதி வரவில்லை. காரணம், "சப்ஸ்டிட்யூஷன்" என்ற தலைப்புக்குக் கீழே இருபது கணக்கு இருந்தால் இருபதுக்கும் சப்ஸ்டிட்யூஷன்தான் வழி என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதுதான் அங்கே பாதி வேலை. அந்தப் பாதியை அவன் பழகவே இல்லை.

மூன்று அத்தியாயக் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துப் போட்டு, குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். செய்வதற்கு முன்னால் "இதுக்கு ஏன் இந்த வழி?" என்று ஒரு வரி எழுதுங்கள். மெதுவாகத்தான் போகும், தப்பும் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விடையைப் பார்த்து "ஆமா, புரியுது" என்று தலையாட்டுவதைப் பயிற்சியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். மூடி வைத்துவிட்டுத் தனியாகப் போட வந்தால்தான் புரிந்தது.

நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். விரிவுரை ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கிறது. பாதி புரியவில்லை. என்ன செய்வது?

முதலில், தமிழ்ப்பள்ளியில் படித்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம். உங்களிடம் மூன்று மொழி இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த மொழி என்று பிரித்துக்கொள்வதில்தான் விஷயம்.

விரிவுரைக்கு முதல் நாள் ஸ்லைடைத் திறந்து, தெரியாத சொற்களை மட்டும் பொறுக்குங்கள். பாடத்தைப் படிக்க வேண்டாம், சொற்கள் மட்டும். இருபது சொல் இருக்கலாம். அவற்றின் பொருளைத் தெரிந்துகொண்டு போனால், வகுப்பில் காது சொல்லைத் துரத்திக்கொண்டிருக்காது, கருத்தைக் கேட்கும். இதற்கு இருபது நிமிடம் போதும். முதல் பருவத்தில் இதைவிடப் பலன் தரும் இருபது நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

புரிந்துகொள்ளும் வேலையைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆர்ட்டரி, வெயின் விஷயத்தை அந்தத் தங்கச்சி தமிழில்தான் கண்டுபிடித்தாள். ஆனால் விடை எழுதும் பயிற்சியைத் தேர்வு மொழியிலேயே செய்ய வேண்டும். புரிந்தது தமிழில் இருக்க, கை ஆங்கிலத்தில் பழகாமல் இருந்தால், தேர்வில் நேரம் மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். வாரம் ஒரு பழைய கேள்விக்காவது முழு விடையைத் தேர்வு மொழியில் எழுதிப் பாருங்கள்.

விரிவுரையாளரிடம் கேட்கப் பயம். மொழி தப்பாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "இந்த வரி வரை புரிகிறது, இங்கிருந்து இங்கே எப்படி வந்தது?" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அப்படிக் கேட்ட மாணவரை விரட்டிய விரிவுரையாளர்கள் மிகக் குறைவு.

வகுப்பில் குறிப்பு எப்படி எடுப்பது?

ஸ்லைடு கிடைக்கும் என்றால் அதை நகல் எடுக்காதீர்கள். ஸ்லைடில் இல்லாமல் அவர் வாயால் சொல்லும் உதாரணத்தையும், "இது முக்கியம்" என்று இரண்டு முறை சொல்வதையும் எழுதுங்கள். தாளின் இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் காலியாக விட்டு, அன்றிரவே அங்கே கேள்விகள் எழுதுங்கள். பிறகு வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950-களில் சொல்லிக்கொடுத்த முறை இது. இன்றும் இதைவிட எளிமையான ஒன்றை நான் கண்டதில்லை.

வீட்டில் படிக்க இடமே இல்லை. டிவி, தம்பி தங்கச்சி, அண்ணனின் மோட்டார் சத்தம். எப்படிப் படிப்பது?

உண்மையான கஷ்டம் இது. "மனசு வெச்சா எங்க வேணும்னாலும் படிக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இரண்டு அறை வீட்டில் ஏழு பேரோடு இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சத்தம் இல்லாத இடம் கிடைக்காவிட்டால் சத்தம் இல்லாத நேரத்தைத் தேடுங்கள். தோட்டத்து வீடுகளில் விடியற்காலை நாலரைக்கே விளக்கு எரியும். அம்மா சாப்பாடு கட்டும் நேரத்தில் நீங்களும் எழுந்தால், அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீடு ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும். என் படிப்பில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில், தையல் மிஷின் மேசையில் பலகை போட்டு நடந்தது. ஆனால் அதற்காக நடு இரவு வரை விழித்திருந்துவிட்டு நாலரைக்கும் எழாதீர்கள். பத்து மணிக்குப் படுத்தால்தான் இது நடக்கும்.

அது முடியாதென்றால் கோயில் மண்டபம், பொது நூலகம், பழைய தமிழ்ப்பள்ளி. தலைமையாசிரியரிடம் போய்ப் பணிவாகக் கேட்டால் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவார்கள். எங்கள் அறை அப்படிக் கேட்டு வாங்கியதுதான். கோயில் தலைவரிடம் முதலில் நான்கு பிள்ளைகள்தான் போய் நின்றார்கள்.

கைப்பேசியை விட முடியவில்லை.

விட வேண்டாம், தள்ளி வையுங்கள். எங்கள் அறையில் கதவருகே ஒரு பழைய பால் வாளி இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் கைப்பேசியைச் சத்தம் அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. பொமோதோரோ என்று சொல்வார்கள். சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை வைத்துத் தொடங்கினாராம். ஓய்வு நேரத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடத்துக்காக டிக்டாக்கைத் திறந்தால் அது ஐந்து நிமிடத்தோடு நிற்காது.

படிக்க ஆர்வமே வரவில்லை. ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளில் பலர் தங்களைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டே வருகிறார்கள். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்தவரை அவர்களில் பத்தில் ஒருவர்கூடச் சோம்பேறி இல்லை. தோற்றுத் தோற்றுக் களைத்துப் போனவர்கள். செய்தால் நடக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால் யாருக்குத்தான் செய்யத் தோன்றும்?

ஆர்வம் வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் முதலில் வருவது வேலை. சிறிய வெற்றி ஒன்று கிடைத்த பிறகுதான் ஆர்வம் எட்டிப் பார்க்கும். அதனால் முதல் வேலை மிகச் சிறியதாக இருக்கட்டும். ஒரு கேள்வி, ஒரு வெள்ளைத்தாள், 25 நிமிடம். இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். நம் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பத்து வெள்ளியைத் தனியாகப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? உங்கள் 25 நிமிடமும் அப்படித்தான்.

இரண்டாவது, "நாளைக்குப் படிக்கணும்" என்ற எண்ணத்தை நேரத்தோடும் இடத்தோடும் கட்டிப் போடுங்கள். "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், நேராக மேசைக்குப் போய்க் கணக்கியல் மூன்றாம் கேள்வியை எடுப்பேன்." கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் மாணவர்களிடம் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் அனுப்பியது மூன்றில் ஒரு பங்கினர்தான். இரு தரப்புக்கும் எழுத வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

மூன்றாவது கொஞ்சம் கனமானது. டெசி, ரயன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதருக்கு ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும் என்கிறார்கள்: இது நானாக எடுத்த முடிவு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. நம் பிள்ளைகளில் பலருக்கு முதலாவதே இல்லை. மாமா சொன்னார் என்று, இடம் கிடைத்தது என்று, பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தார் என்று எடுத்த கோர்ஸ். அப்படியானால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் படிப்புக்குள்ளேயே உங்களுக்குப் பிடித்த ஒரு மூலையைத் தேடுங்கள். கணக்கியல் பிடிக்காத ஒரு தம்பி, தன் அப்பாவின் மினி லாரித் தொழிலுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதத் தொடங்கினான். டெபிட், கிரெடிட் எல்லாம் அன்றைக்குத்தான் அவனுக்குச் சொந்தமாயிற்று. தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால் கோர்ஸ் மாற்றுவதைப் பற்றி முதல் பருவத்திலேயே கல்வி ஆலோசகரிடம் பேசுங்கள். அது தோல்வி இல்லை. ஐந்தாம் பருவத்தில் பேசுவதுதான் கஷ்டம்.

சில வாரங்களாகத் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதைப் படிப்பு முறையால் சரிசெய்ய முடியாது. உங்கள் கல்லூரியின் ஆலோசனைப் பிரிவுக்கோ கிளினிக் டாக்டரிடமோ போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

சேர்ந்து படிப்பது நல்லதா? அரட்டையாகத்தான் முடிகிறது.

நம் ஆட்கள் இதை எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு விரித்துச் சொல்லும்போது வருகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆகவே சேர்ந்து உட்காருவதற்கு முன் தனித்தனியாகப் படித்துவிட்டு வாருங்கள். மூன்று நான்கு பேர் போதும். ஆளுக்கு ஒரு தலைப்பு. தாளைப் பார்க்காமல் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்கே கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, பிறகு மாமாக் கடைக்குப் போய் தே தாரே குடியுங்கள், அரட்டை அங்கே இருக்கட்டும்.

அசைன்மென்ட்டைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் செய்யலாமா?

எழுதித் தரச் சொன்னால் கற்கும் வேலையை அது செய்துவிட்டது, நீங்கள் செய்யவில்லை. மாட்டிக்கொண்டால் தண்டனையும் உண்டு. "இந்த அத்தியாயத்திலிருந்து எனக்குப் பத்துக் கேள்வி கேள்" என்று சொல்லுங்கள், அப்போது நல்ல துணை. அது சொல்லும் விடையைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பகுதிநேர வேலை செய்துகொண்டே படிக்கிறேன். முடியுமா?

முடியும். வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பணம் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் வாரத்துக்கு 35 மணி நேரப் படிப்பு என்ற கணக்கை மனதில் வைத்து, வேலை நேரத்தை வார இறுதிக்குள் அடக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பாடங்களைக் குறைத்துக்கொள்ள வழி உண்டா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். பஸ்ஸில் போகும் நேரம் அட்டைகளுக்கு.

ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். சி.ஜி.பி.ஏ. (மொத்த மதிப்பெண் சராசரி) 2.00-க்குக் கீழே போய்விட்டது. இனி அவ்வளவுதானா?

இல்லை. ஆனால் ஒளித்து வைக்காதீர்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் தொடர்ந்து கிடைக்க 2.00 வேண்டும் என்பதால், வீட்டில் சொல்லப் பயந்து பணத்துக்கு வேறு வழி தேடி, வேலைக்குப் போய், அடுத்த பருவத்திலும் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே வாரத்தில் ஆலோசகரைப் பாருங்கள். எந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், கடனுக்கு என்ன ஆகும் என்று மூன்று கேள்வியும் எழுதிக்கொண்டு போங்கள்.

பிறகு விடைத்தாளையோ மதிப்பெண் பிரிவையோ பார்க்க முடிந்தால் பாருங்கள். எங்கே போயிற்று? படிக்காத பகுதியா, படித்தும் வராத பகுதியா, நேரம் போதவில்லையா, கேள்வி புரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நான் தோற்ற இரண்டு பாடத்தில் ஒன்று வெறும் நேரப் பிரச்சினை. ஐந்து கேள்வியில் மூன்றைத்தான் எழுதியிருந்தேன். அடுத்த முறை கடிகாரத்தை வைத்துப் பழைய கேள்வித்தாள்களை எழுதிப் பழகினேன், தேறிவிட்டேன்.

தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்கப் படிக்கலாமா?

வேண்டாம். படித்தது மனதில் படிவதற்கே தூக்கம் வேண்டும். பத்து மணிக்கு மூடுங்கள்.

நாங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், படிக்காதவர்கள். பிள்ளைக்கு எப்படி உதவுவது?

இதைக் கேட்கும் அம்மா அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

எட்டிலிருந்து ஒன்பது வரை டிவியை அணைத்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "படிச்சியா?" என்று கேட்பதற்குப் பதிலாக "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் எளிமையாகச் சொல்ல வேண்டிவரும். பவணந்தி சொன்ன அரைப் பங்கு அங்கேதான் கிடைக்கிறது.

தஞ்சோங் மாலிமில் உயிரியல் படிக்கும் ஒரு பெண், விடுமுறையில் வந்தபோது அம்மாவுக்குப் பட்டையைப் பற்றிச் சொன்னாளாம். பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் இருக்கின்றன, அதற்கும் உள்ளே கேம்பியம் என்று மெல்லிய அடுக்கு, அதில் காயம் பட்டால் புதுப்பட்டை சரியாக வளராது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். முப்பது வருடம் மரம் வெட்டிய அம்மா, "கட்டைல கத்தி படக்கூடாதுன்னு அதுக்குத்தான் சொல்லுவாங்க" என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப வெயில் ஏறுனா பால் ஏன் கொறஞ்சு போவுது?" மகளுக்குத் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினாள், விரிவுரையாளரிடம் கேட்டாள், அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது பதிலோடு வந்தாள். விடியற்காலையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம், அதனால் பால் வேகமாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறி அழுத்தம் குறைந்துவிடும்.

அம்மா கேட்டுவிட்டு, விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க நிறுத்தும் பெரட்டை நினைத்து, "அதான் இருட்டோட பெரட்டுக்கு நிக்க வெச்சாங்களா?" என்றாராம்.